எந்தக் காய்ச்சலுக்கு எந்த மருந்து?

வயலில் இறங்கும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

பெரும்போகத்துக்காக வயலை உழுது, வரம்பு கட்டி, விதைத்து ஒரு வாரம் ஆகிறது. வீட்டுக்காரருக்குத் திடீரெனக் காய்ச்சல். தலையிடி, உடம்பெல்லாம் உளைவு. மழையில் நனைந்ததால் வந்தது என்று வீட்டார் எண்ணுகின்றனர். அயல்வீட்டு அக்கா தன் மகனின் தொண்டை நோவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த கப்சூல்களில் மீதியாக இருந்த நான்கைக் கொண்டுவந்து தருகிறார். "நல்ல மருந்து தம்பி, போட்டுப் பாருங்கோ. ரெண்டு நாளில் சுகம் வரும்" என்கிறார். அன்று இரண்டு, மறுநாள் இரண்டு. காய்ச்சல் சற்றுத் தணிந்ததுபோல இருக்கிறது. நான்காம் நாள் கெண்டைக்கால் தொடமுடியாத வலி, கண் சிவப்பு, சலம் போவதும் குறைவு. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்கு வாகனம் தேடுகிறார்கள்.

இப்படியான ஒரு வீட்டை நம்மில் பலர் கண்டிருப்போம். அந்த அக்கா கெட்ட எண்ணத்தோடு மருந்து கொடுக்கவில்லை. இரக்கத்தோடுதான் கொடுத்தார். ஆனால் நான்கு நாட்கள் வீணாகிவிட்டன. எலிக்காய்ச்சலில் நான்கு நாட்கள் என்பது சிறுநீரகத்தின் விலை. சில வேளை உயிரின் விலை.

அன்டிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளில் "நல்லது", "வலுவானது" என்று பொதுவாக ஒன்றும் இல்லை. இந்தக் கிருமிக்கு இது பொருந்தும், அதற்கு அது பொருந்தும் என்பதே உண்டு. ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்பதுபோலத்தான். எந்தத் திறப்பு என்பதைத் தெரிவது வைத்தியரின் வேலை. ஆனால் எந்தப் பூட்டு என்பதை அவருக்குக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல்லே. இதைத்தான் இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

மாத்தளை கண்ட 2008

எலிக்காய்ச்சல் நமக்குப் புதிய நோயல்ல. 2008ஆம் ஆண்டில் இலங்கை முழுவதிலும் 7,000க்கும் மேற்பட்டோர் இந்நோயால் பீடிக்கப்பட்டதாகச் சுகாதாரத் திணைக்களத்துக்கு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 200 பேர் இறந்தனர். அவ்வாண்டு மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. நோயுற்றோரில் பெரும் பகுதியினர் வயலில் வேலை செய்தவர்கள்.

மாத்தளை மாவட்டம் இரண்டு காலநிலைகள் சந்திக்கும் இடம். தெற்கே உக்குவெல, ரத்தோட்டைப் பக்கம் ஈரமான மலைநாடு. வடக்கே தம்புள்ளை, கலேவெலப் பக்கம் குளத்தை நம்பிய வறண்ட நிலம். கிழக்கே லக்கல, வில்கமுவ. போரினாலும் கலவரங்களினாலும் ஊரை விட்டு வந்தவர்கள், களு கங்கை, மொரகஹகந்த நீர்த்தேக்கங்களுக்காக நிலத்தைக் கொடுத்துவிட்டு இடம் மாறியவர்கள் என்று பலவகைக் குடும்பங்கள் இங்கு புதிய மண்ணில் கால் வைத்துள்ளன. பழைய ஊரில் எந்த வாய்க்காலில் என்ன நோய் வரும் என்பது பாட்டன் காலத்து அறிவு. புதிய இடத்தில் அந்த அறிவு இல்லை. நம்மை அறிந்த வைத்தியரும் இல்லை. ஆகவே நாமே கொஞ்சம் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியுள்ளது.

எலிக்காய்ச்சலை உண்டாக்குவது லெப்டோஸ்பைரா என்னும் பக்டீரியா. எலியின் சிறுநீரிலும், சில வேளை மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீரிலும் அது வெளிவந்து சேற்றிலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிறு கீறல், வெடிப்பு, நீரில் ஊறி மெலிந்த தோல், கண், வாய் ஆகிய வழிகளால் உடம்புக்குள் நுழையும். வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வாரங்களில் காய்ச்சல் தொடங்கும். எனவே இன்று வரும் காய்ச்சலுக்குக் காரணம் சென்ற வாரம் அல்லது அதற்கு முந்திய வாரம் இறங்கிய வயலாக இருக்கலாம்.

ஒரே காய்ச்சல், மூன்று வழிகள்

வயலில் வேலை செய்யும் ஒருவர் கடுங்காய்ச்சல், தலையிடி, உடம்பு நோவு என்று வருகிறார். வைத்தியரின் மனதில் குறைந்தது மூன்று நோய்கள் தோன்றும்.

முதலாவது, எலிக்காய்ச்சல். கெண்டைக்காலிலும் நாரியிலும் கடும் வலி, பீளை இல்லாத கண் சிவப்பு என்பன இதன் அடையாளங்கள். முற்றினால் கண் மஞ்சளாகும், சலம் குறையும், மூச்சு வாங்கும். நோய் இலேசாக இருக்கையில் டொக்சிசைக்கிளின் அல்லது அமொக்சிசிலின் குளிசைகளால் குணமாக்கலாம். கடுமையானால் ஆஸ்பத்திரியில் வைத்துப் பெனிசிலின் அல்லது செஃப்ட்ரியக்சோன் ஊசி ஏற்றுவார்கள்.

இரண்டாவது, உண்ணிக் காய்ச்சல். பற்றைக்காடு வெட்டுவோர், மாடு மேய்ப்போர், நக்கிள்ஸ் மலையடிவாரத்தில் காட்டோரம் போய் வருவோர் ஆகியோரை உண்ணி அல்லது கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சி கடிப்பதால் வருவது. சிலருக்குக் கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோலக் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு முதலிய மறைவான இடங்களில் அது இருப்பதால் நாமே கவனிக்கமாட்டோம். இக்கிருமி நமது உயிரணுக்களுக்கு உள்ளேயே புகுந்து வாழ்வது. ஆகவே பெனிசிலின், அமொக்சிசிலின் வகை மருந்துகள் எத்தனை நாள் எடுத்தாலும் இதற்கு வேலை செய்யா. டொக்சிசைக்கிளின் எடுத்தால் பெரும்பாலும் இரண்டு மூன்று நாட்களில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும்.

மூன்றாவது, டெங்கு. இது வைரசால் வருவது. எந்த அன்டிபயோட்டிக்கும் இதற்கு உதவாது. நீராகாரம், ஓய்வு, இரத்தப் பரிசோதனை, ஆபத்தான வேளையில் ஆஸ்பத்திரிக் கண்காணிப்பு என்பனவே இதற்கு மருந்து.

தொடக்க நாட்களில் இம்மூன்றும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். எலிக்காய்ச்சலைக் காட்டும் வழக்கமான இரத்தப் பரிசோதனை முதல் வாரத்தில் தவறாகவும் "இல்லை" என்று சொல்லலாம். ஏனெனில் உடம்பில் எதிர்ப்புப் பொருள் உருவாகச் சில நாட்கள் செல்லும். அதுவரை வைத்தியர் காத்திருக்க முடியாது. அப்படியானால் அவர் எதைக்கொண்டு முடிவு செய்கிறார்? "ஐயா, பத்து நாளைக்கு முன் வயலில் இறங்கினேன், காலில் வெட்டுக்காயம் இருந்தது" என்று நாம் சொல்லும் அந்த ஒரு வசனத்தைக் கொண்டே.

நாம் சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியாது. வெளிநோயாளர் பிரிவில் நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அவர் கேட்க மறக்கவும் கூடும். ஆகவே கேட்காமலே சொல்லுங்கள்.

மொழி தெரியாவிட்டால்

வடக்கு கிழக்கிலிருந்து வந்த பலருக்குச் சிங்களம் சரளமாக வராது. ஆஸ்பத்திரியில் பேசப் பயந்து "காய்ச்சல்" என்று மட்டும் சொல்லித் திரும்பி வருவோர் உண்டு. சில சொற்களை மனதில் வைத்தால் போதும். காய்ச்சல் என்பது "உண". வயல் என்பது "கும்புர". உண்ணி என்பது "கினித்துல்லா". எலிக்காய்ச்சலை "மீ உண" என்பார்கள். "உண" என்றும் "கும்புர" என்றும் இரண்டு சொற்களைச் சொல்லிக் காலைக் காட்டினாலே விஷயம் விளங்கிவிடும்.

மற்ற நோய்களில் எப்படி?

காய்ச்சல் மட்டுமன்றி, வீட்டில் அடிக்கடி வரும் சில நோய்களுக்கும் இதே நியாயம் பொருந்தும்.

தடிமன், மூக்கால் நீர் ஓடுதல், சாதாரண இருமல்: இவை பெரும்பாலும் வைரசால் வருவன. அன்டிபயோட்டிக் தேவையில்லை. சளி மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறுவது மட்டும் அதற்குக் காரணமாகாது.

தொண்டை நோவு: பெரும்பாலானவை தாமாகவே மாறும். ஆனால் இருமலோ தடிமனோ இன்றிக் கடுங்காய்ச்சல், தொண்டையில் வெண்சீழ், கழுத்தில் நெறி கட்டுதல் என்பன பிள்ளைக்கு இருந்தால் அது ஸ்ட்ரெப்டோகொக்கஸ் என்னும் பக்டீரியாவாக இருக்கலாம். இதைக் கவனியாது விட்டால் சில பிள்ளைகளுக்கு வாதக் காய்ச்சல் வந்து இதய வால்வுகள் பழுதாகும். இதற்கு மிகப் பழைய மருந்தான பெனிசிலினே மிகச் சிறந்தது. வழக்கமாகப் பத்து நாட்கள் கொடுப்பார்கள். மூன்றாம் நாளே பிள்ளை ஓடி விளையாடும். அதற்காக மருந்தை நிறுத்தக் கூடாது.

சிறு பிள்ளையின் சளிக்காய்ச்சல்: பிள்ளை அமைதியாக இருக்கும்போது சட்டையை உயர்த்தி, ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்கும் ஒரு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு நிமிடத்துக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்கு 40 அல்லது அதற்கு மேல் என்றால் அது நியுமோனியாவாக இருக்கலாம். உடனே கொண்டு செல்லுங்கள். இதற்கு வைத்தியர் முதலில் நினைப்பது பெரும்பாலும் அமொக்சிசிலின். மூச்சு எடுக்கையில் நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ இரவென்றும் பாராமல் புறப்பட வேண்டும்.

மண்வெட்டி பட்ட காயம், கட்டு, சீழ்: தோலில் சீழ் பிடிக்கச் செய்யும் ஸ்டெஃபிலோகொக்கஸ் கிருமி சாதாரண பெனிசிலினையும் அமொக்சிசிலினையும் அழிக்கும் சக்தியைப் பெரும்பாலும் பெற்றுவிட்டது. அதனால் குளொக்சசிலின், ஃபுளுகுளொக்சசிலின் போன்றவற்றைக் கொடுப்பார்கள். சீழ் கட்டி நின்றால் அதைக் கீறி வெளியேற்றுவதே முதல் வைத்தியம். குளிசை அதற்கு அடுத்தது. ஏற்புவலித் தடுப்பூசி போட்டு எத்தனை வருடம் என்பதையும் சொல்லுங்கள்.

சலக்கடுப்பு: பெண்களுக்கு அடிக்கடி வருவது. வெட்கத்தால் மறைத்து, கடையில் ஏதாவது வாங்கிப் போடுவோர் பலர். இதை உண்டாக்கும் கிருமிகளிற் பல இன்று அமொக்சிசிலினுக்குக் கட்டுப்படுவதில்லை. சலத்தைப் பரிசோதித்துத்தான் மருந்து தெரிய வேண்டும். பெரும்பாலும் நைட்ரோஃபுரன்டொயின் கொடுப்பார்கள். கர்ப்பிணிகள் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது.

வயிற்றோட்டம்: பெரும்பாலானவற்றுக்கு ஜீவனியும் கஞ்சியுமே மருந்து. மலத்தில் இரத்தம் போனாலோ, கடுங்காய்ச்சல் இருந்தாலோ வைத்தியரிடம் செல்ல வேண்டும்.

மேலே மருந்துகளின் பெயர்களைத் தந்திருப்பது நீங்களே வாங்கிப் போடுவதற்காக அல்ல. ஒவ்வொரு நோய்க்கும் வெவ்வேறு மருந்து இருப்பதையும், அயல்வீட்டு மருந்து ஏன் நம் நோய்க்குப் பொருந்தாது என்பதையும் காட்டுவதற்காகவே.

பெயரைப் பாருங்கள், விலையைப் பாராதீர்கள்

விலை கூடிய மருந்து நல்ல மருந்து என்னும் எண்ணம் நம்மிடையே ஆழமாக வேரூன்றியுள்ளது. இதை மாற்ற உழைத்தவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. ஒரே மருந்து பல கம்பனிகளின் பல பெயர்களில் பல விலைகளில் விற்கப்படுவதை அவர் எடுத்துக்காட்டினார். அவரது முயற்சியினால் 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. கம்பனிப் பெயரால் அன்றி மருந்தின் சொந்தப் பெயராலேயே மருந்து எழுத வேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. 1977இல் அவர் காலமானார். ஆனால் இன்றும் உலகின் பல நாடுகள் அவரது வழியை எடுத்துக்காட்டாகக் கொள்கின்றன.

இதிலிருந்து நமக்கு ஒரு பாடம் உண்டு. மருந்து வாங்கும்போது உறையில் அதன் சொந்தப் பெயரை எழுதித் தரும்படி கேளுங்கள். இரண்டு இடங்களில் வாங்கிய இரண்டு நிறக் குளிசைகள் ஒரே மருந்தாக இருக்கலாம். தெரியாமல் இரண்டையும் விழுங்கும் ஆபத்து உண்டு.

உலகச் சுகாதார நிறுவனமும் 2017இல் அன்டிபயோட்டிக்குகளை மூன்று கூட்டமாகப் பிரித்தது. பொதுவான நோய்களுக்கு முதலில் எடுக்க வேண்டியவை ஒரு கூட்டம். கவனத்தோடு பாவிக்க வேண்டியவை இன்னொரு கூட்டம். வேறு வழியே இல்லாதபோது மட்டும் எடுக்க ஒதுக்கி வைத்தவை மூன்றாவது. அமொக்சிசிலின், டொக்சிசைக்கிளின், குளொக்சசிலின், நைட்ரோஃபுரன்டொயின் ஆகிய யாவும் முதற் கூட்டத்தைச் சேர்ந்தவை. அதாவது, நம் ஊர் ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரண மருந்துகளே பல நோய்களுக்கு முதல் மருந்துகள். வைத்தியர் விலை குறைந்த மருந்தை எழுதினால் நம்மை ஏழை என்று எண்ணி எழுதினார் என்று மனம் நோக வேண்டாம்.

விதைப்புக்கு முன் ஒரு குளிசை

எலிக்காய்ச்சலில் இன்னொரு வசதியும் உண்டு. வரும் முன்னரே தடுக்க ஒரு மருந்து இருக்கிறது. 1982இல் பனாமா நாட்டுக் காடுகளில் பயிற்சி பெற்ற 940 அமெரிக்கப் படையினரிடையே இது பரிசோதிக்கப்பட்டது. வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் எடுத்த கூட்டத்தில் ஒருவருக்கே எலிக்காய்ச்சல் வந்தது. வெறும் மாவுக் குளிசை எடுத்தவர்களில் 20 பேருக்கு வந்தது.

அதே அளவு மருந்தைத்தான் இலங்கையில் ஆபத்துள்ள பகுதி விவசாயிகளுக்கு வாரம் ஒருமுறை இலவசமாகக் கொடுக்கிறார்கள். சேற்றில் இறங்குவதற்கு முன்னரே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம், அல்லது சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தில் கேளுங்கள். புதிதாகக் குடியேறியவர்களின் பெயர் அவர்களது பட்டியலில் இல்லாதிருக்கலாம். கூலிக்கு வயலில் இறங்குபவர், வரம்பு கட்டுபவர், களை பிடுங்கும் பெண்கள் ஆகியோரும் கேட்கலாம். வயல் சொந்தமாக இருக்க வேண்டியதில்லை.

ஆனால் சில எச்சரிக்கைகள் உண்டு. கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் இதை எடுக்கக் கூடாது. சாப்பிட்ட பின் ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது; தொண்டைக் குழாய் புண்ணாகும். பால், இரும்புச்சத்துக் குளிசை, வயிற்றெரிவுக் குளிசை ஆகியவற்றோடு சேர்த்து எடுக்கக் கூடாது. பனாமாவில் நடந்த சோதனை சில வாரங்களுக்கே. ஆதலால் குளிசையை மட்டும் நம்பிக் காலில் புண்ணோடு சேற்றில் நிற்க வேண்டாம். புண்ணை நீர் புகாதபடி கட்டுங்கள். வேலை முடிந்ததும் சுத்தமான நீரில் கால் கழுவுங்கள். வரம்பையும் வீட்டுச் சூழலையும் எலி தங்காதபடி துப்புரவாக்குங்கள். குளிசை எடுத்தவருக்கும் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குச் செல்வதே வழி. எடுத்ததையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

மீதி மருந்து ஏன் வேண்டாம்?

பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் 1945இல் நோபல் பரிசு பெற்றபோதே ஓர் ஆபத்தைச் சொல்லி எச்சரித்தார். ஒருவர் கடையில் பெனிசிலின் வாங்கிப் போதாத அளவில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிருமி சாகாமல் மருந்தைத் தாங்கப் பழகிவிடுகிறது. அந்தக் கிருமி அவர் மனைவிக்குத் தொற்றுகிறது. அவருக்கு மருந்து வேலை செய்யவில்லை, அவர் இறந்துபோகிறார். குற்றம் யாருடையது என்று அவர் கேட்டார்.

அது அன்று கற்பனைக் கதை. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 12 இலட்சத்து 70 ஆயிரம் பேர் மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் நேரடியாக இறந்தனர் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். களைநாசினியை அரைகுறையாக அடித்தால் தப்பிய களை அடுத்த போகத்தில் எப்படி முளைக்கும் என்பது நமக்குத் தெரியாததா?

ஒரு கொப்பி வைத்திருங்கள்

இடம் பெயர்ந்த குடும்பங்களுக்கு இறுதியாக ஓர் ஆலோசனை. வீடு வாசலோடு நமது கிளினிக் அட்டைகளும் பழைய ஊரிலேயே போய்விட்டன. ஆகவே பத்துப் பக்கக் கொப்பி ஒன்றில் குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் இவற்றை எழுதி வையுங்கள்:

1. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது? பெனிசிலின் எடுத்துத் தோல் தடித்தது, உதடு வீங்கியது, மூச்சு முட்டியது என்றால் அதைப் பெரிதாக எழுதுங்கள்.
2. இப்போது எடுக்கும் வேறு மருந்துகள், கர்ப்பமா, பாலூட்டுகிறாரா?
3. காய்ச்சல் தொடங்கிய நாள். கடைசியாக வயலில் அல்லது காட்டில் வேலை செய்த நாள்.
4. ஏற்கெனவே எடுத்த மருந்தின் பெயர், எத்தனை குளிசை. கடையில் வாங்கியதையும் மறைக்க வேண்டாம்.

காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் ஒன்றே போதும். இபுபுரோபன், டைக்குளோபெனக் போன்ற நோக்குளிசைகள் எலிக்காய்ச்சலில் சிறுநீரகத்தையும், டெங்கில் இரத்தப் பெருக்கையும் மோசமாக்கக் கூடும். வயலில் இறங்கியவருக்குக் காய்ச்சல் என்றால் மூன்று நாள் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், அன்றே செல்லுங்கள். சலம் குறைதல், கண் மஞ்சளாதல், மூச்சு வாங்குதல், இரத்தம் கசிதல், தடுமாற்றம் இருந்தால் 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் வண்டி இலவசமாக வரும்.

அயல்வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டால் நாம் வெறுங்கையோடு போக மனம் வராது. கஞ்சி கொண்டு போகலாம். ஆஸ்பத்திரிக்குத் துணையாகப் போகலாம். அவர் வரும்வரை அவரது பிள்ளைகளையும் மாட்டையும் பார்த்துக்கொள்ளலாம். மீதி மாத்திரையை மட்டும் கொண்டு போகாதிருப்போம்.